பீரங்கி ஒலியிலிருந்து பாண்டாஸ் வரை

புதிய தராசு வாங்கும் கடைக்காரர், சரக்கை நிறுப்பதற்கு முன் படிக்கல்லை வைத்து அதைச் சோதித்துக் கொள்கிறார். எடை முன்பே தெரிந்த ஒரு பொருளை வைத்தால்தான் தராசு சரியாகக் காட்டுகிறதா என்பது விளங்கும். கணக்கிடும் கருவிகளுக்கும் இது பொருந்தும்.

இன்று விவரங்களைப் பட்டியலிட்டு ஆராய்வதற்கு உலகெங்கும் பயன்படும் கருவிகளுள் ஒன்று 'பாண்டாஸ்' என்னும் மென்பொருள் தொகுப்பு. இது பைத்தான் என்னும் கணிப்பொறி மொழிக்காக எழுதப்பட்டது. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறி அறிவியல் பாடநூலில் 2019ஆம் ஆண்டு முதல் பைத்தான் மொழி இடம் பெற்றுள்ளது. ஆகவே வாசகர்களில் பலர் அம்மொழியின் அரிச்சுவடியை அறிந்திருப்பீர்கள். அடுத்த படியாகப் பாண்டாஸைத் தொட்டுப் பார்க்க விரும்புவோருக்குப் படிக்கல்லாக உதவக்கூடிய பழைய பட்டியல் ஒன்று நம் சென்னையிலேயே இருக்கிறது. அது இருநூறு ஆண்டுகளுக்கு முன் நுங்கம்பாக்கத்தில் உருவானது. அதன் வரலாற்றை முதலில் காண்போம். பிறகு அதே பட்டியலைப் பாண்டாஸிடம் கொடுத்து, அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்போம்.

நுங்கம்பாக்கத்து ஆய்வுக்கூடம்

1786இல் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சென்னையில் தம் சொந்தச் செலவில் வான் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். பின்னர் அவருடைய கருவிகள் கம்பெனிக்குக் கிடைத்தன. அவற்றைக் கொண்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய ஆய்வுக்கூடம் எழுந்தது. அதைக் கட்டியவர் மைக்கேல் டாப்பிங். கருவியைத் தாங்குவதற்காக நிறுவப்பட்ட கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுகளுடன், இன்றைய மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது.

டாப்பிங்கிற்குப் பிறகு அங்கு வானியலாளராகப் பொறுப்பேற்றவர் ஜான் கோல்டிங்காம். இவர் கட்டடக் கலையும் அறிந்தவர். இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அழைக்கும் கட்டடத்தை வடிவமைத்தவர் இவரே. விண்மீன்களை நோக்குவதோடு, வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகியவற்றை ஒழுங்காகக் குறித்து வைப்பதும் அந்த ஆய்வுக்கூடத்தின் அன்றாட வேலையாக இருந்தது. நாள்தோறும் ஒரே முறையில் குறிக்கப்பட்ட எண்களின் அருமை பெரும்பாலும் எழுதியவருக்குப் பின்னால் வருபவருக்கே தெரியும்.

அக்காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையிலும் மாலையிலும் பீரங்கி சுடும் வழக்கம் இருந்தது. நகரத்தாருக்கு அது நேரத்தை அறிவிக்கும் ஓசை. கோல்டிங்காமுக்கோ அது செலவில்லாமல் கிடைத்த ஒரு சோதனை. பீரங்கி வெடிக்கும் ஒளிப்பொறி கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ஓசையோ சற்றுத் தாமதமாகத்தான் காதுக்கு எட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து, தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் ஒலியின் வேகம் கிடைத்துவிடும்.

ஆய்வுக்கூடத்திலிருந்து பரங்கிமலைப் பீரங்கி 29,547 அடி தூரம். இது ஏறத்தாழ 9 கிலோமீட்டர். கோட்டைப் பீரங்கி சுமார் 13,932 அடி, அதாவது நாலேகால் கிலோமீட்டர் தூரம். மலையின் ஓசை வந்து சேர ஏறக்குறைய 26 வினாடி ஆகும். கோட்டையின் ஓசைக்குச் சற்றேறக்குறைய 12 வினாடி போதும். 1820, 1821ஆம் ஆண்டுகளில் இந்த நேரங்களை அவர் தொடர்ந்து பதிவு செய்வித்தார். ஒவ்வொரு பதிவோடும் வெப்பமானி, பாரமானி, ஈரமானி ஆகியவற்றின் அளவுகளும் காற்றின் நிலையும் குறிக்கப்பட்டன. முடிவுகள் 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியாயின.

பன்னிரண்டு வரிசைகள்

நாள்வாரியாகக் கிடைத்த எண்களை மாதவாரியாகத் தொகுத்துக் கோல்டிங்காம் அளித்த சுருக்கப் பட்டியல் கீழே உள்ளது. முதல் எண் வெப்பநிலை (பாரன்ஹீட் பாகை). இரண்டாவது காற்றழுத்தம் (பாதரச அங்குலம்). மூன்றாவது ஒலியின் வேகம் (வினாடிக்கு அடி). ஈரமானி எண்களை இங்கே விட்டிருக்கிறேன்.

ஜனவரி – 79.05 – 30.124 – 1101
பிப்ரவரி – 78.84 – 30.126 – 1117
மார்ச் – 82.30 – 30.072 – 1134
ஏப்ரல் – 85.79 – 30.031 – 1145
மே – 88.11 – 29.892 – 1151
ஜூன் – 87.10 – 29.907 – 1157
ஜூலை – 86.65 – 29.914 – 1164
ஆகஸ்ட் – 85.02 – 29.931 – 1163
செப்டம்பர் – 84.49 – 29.963 – 1152
அக்டோபர் – 84.33 – 30.058 – 1128
நவம்பர் – 81.35 – 30.125 – 1101
டிசம்பர் – 79.37 – 30.087 – 1099

பன்னிரண்டு மாதங்களின் சராசரி வேகம் வினாடிக்கு 1134 அடி. அதே சராசரி வெப்பநிலையில் வறண்ட காற்றில் ஒலியின் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று இன்றைய வாய்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால் 1142 அடி வருகிறது. ஒளிப்பொறியைக் கண்ணால் பார்த்து, ஓசையைக் காதால் கேட்டு எடுத்த அளவில் பிழை ஏறத்தாழ ஒரு சதவீதந்தான்! ஆகவே இந்தப் பட்டியல் நம்பத் தகுந்த படிக்கல் என்றே கொள்ளலாம்.

பட்டியலிலிருந்து பாண்டாஸுக்கு

இவ்வெண்களைக் கோல்டிங்காம் காலத்தில் கூட்டியதும் வகுத்ததும் மனிதக் கைகளே. நூற்றுக்கணக்கான அளவுகளை மாதவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலுக்கும் சராசரி கண்டு, பன்னிரண்டு வரிகளாகச் சுருக்குவது பல நாள் உழைப்பு. இந்த உழைப்பைக் குறைக்கும் முயற்சியே பட்டியல் கருவிகளின் வரலாறு.

1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தினார். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. அட்டைகளை இனவாரியாக எண்ணும் வேலையை இயந்திரம் பார்த்துக்கொண்டது. துளையட்டை முறை கணிப்பொறிக் காலத்திலும் தொடர்ந்தது. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 கணிப்பொறி நிறுவப்பட்டபோது, கணக்கை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருப்பதே மாணவர் வழக்கம்.

பிறகு வந்தவை கணிப்பொறியோடு நேரடியாக உரையாடும் மொழிகள். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் புள்ளியியலுக்கென்றே 'எஸ்' என்ற மொழி பிறந்தது. பட்டியல் முழுவதையும் ஒரே பொருளாகக் கருதி அதன்மீது கட்டளைகளைச் செலுத்தும் 'டேட்டாஃபிரேம்' என்ற கருத்து அம்மொழியில் உருவாயிற்று. தமிழில் அதைத் தரவுச் சட்டகம் எனலாம். தச்சர் சட்டம் அடித்துக் கட்டங்கள் பிரிப்பதுபோல, ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அடையாளம்.

ஆம்ஸ்டர்டாம் நகரில் பணியாற்றிய கைடோ வான் ராசம் 1991இல் பைத்தான் மொழியை வெளியிட்டார். அது எல்லா வேலைக்கும் ஏற்ற பொது மொழி. படிக்க எளியது, விலையும் இல்லை. ஆனால் எண்களின் பெரிய அடுக்குகளை விரைவாகக் கையாளும் திறன் அதற்கு இயல்பாக அமையவில்லை. அக்குறையை 2006இல் நிறைவான வடிவம் பெற்ற 'நம்பை' தொகுப்பு நீக்கியது. டிராவிஸ் ஆலிஃபன்ட் அதன் முதன்மை ஆசிரியர். வரைபடம் வரைவதற்கு ஜான் ஹண்டர் 'மேட்பிளாட்லிப்' என்ற தொகுப்பை 2003இலேயே அளித்திருந்தார்.

எஞ்சியிருந்தது பட்டியல். அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய வெஸ் மெக்கின்னி என்ற இளைஞர் 2008இல் அந்த வேலையைத் தொடங்கினார். எஸ் மொழியின் வழிவந்த 'ஆர்' மொழியில் கிடைத்த சட்டக வசதி பைத்தானிலும் வேண்டும் என்பது அவர் நோக்கம். அடுத்த ஆண்டே அது யாரும் எடுத்துப் பயன்படுத்தும் திறந்த மென்பொருளாயிற்று. பாண்டாஸ் என்ற பெயரைக் கேட்டதும் கரடி நினைவுக்கு வரலாம். உண்மையில் அது பொருளியலில் வழங்கும் 'பேனல் டேட்டா' என்ற சொல்லின் சுருக்கம். ஒரே ஆளையோ நிறுவனத்தையோ பல காலம் தொடர்ந்து அளந்த விவரம் என்பது அச்சொல்லின் பொருள். ஒரே பீரங்கியைப் பல மாதம் தொடர்ந்து அளந்த கோல்டிங்காமின் பட்டியலும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதானே!

முதல் படிகள்

இனி நீங்களே செய்து பார்க்கலாம். கணிப்பொறி இல்லாதவர்களும் தயங்க வேண்டாம். 'கூகுள் கோலாப்' போன்ற இணையக் குறிப்பேடுகளில் பைத்தானும் பாண்டாஸும் ஆயத்தமாக உள்ளன. கைப்பேசியிலும் அவை இயங்கும். கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். அவற்றின் பெயரை மட்டும் இங்கே தமிழ் ஒலியில் தருகிறேன்.

முதற்படி, மேற்கண்ட பட்டியலை ஒரு கோப்பாகத் தட்டச்சு செய்வது. முதல் வரியில் நிரல்களின் பெயர்கள்: மாதம், வெப்பம், அழுத்தம், வேகம். அடுத்த பன்னிரண்டு வரிகளில் எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் இடையில் ஒரு காற்புள்ளி. இத்தகைய கோப்பைச் 'சிஎஸ்வி' கோப்பு என்பார்கள். நிரல்களின் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், பாண்டாஸ் ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாம் படி, 'இம்போர்ட்' கட்டளையால் பாண்டாஸை அழைத்து, 'ரீட் சிஎஸ்வி' கட்டளையால் கோப்பைப் படிக்கச் செய்வது. 'ஹெட்' என்றால் முதல் ஐந்து வரிசைகளைக் காட்டும். இதைச் சிறிய வேலை என்று தாண்டிச் செல்லாதீர்கள். நிரல்கள் இடம் மாறியிருந்தாலும், ஏதேனும் ஓர் எண் எழுத்தாகப் பதிவாகியிருந்தாலும் பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி 'டிஸ்க்ரைப்'. இந்த ஒரு சொல்லுக்கு விடையாக ஒவ்வொரு நிரலுக்கும் எண்ணிக்கை, சராசரி, திட்ட விலக்கம், சிறும அளவு, பெரும அளவு முதலியன வந்து விழும். வேகத்தின் நிரலில் எண்ணிக்கை 12, சராசரி 1134.3, திட்ட விலக்கம் 24.7, சிறுமம் 1099, பெருமம் 1164 என்று வர வேண்டும். வராவிட்டால் தட்டச்சில் பிழை. கையால் திட்ட விலக்கம் காண்போர் கவனிக்க: பாண்டாஸ் இங்கே 12ஆல் வகுக்காமல், அதில் ஒன்றைக் குறைத்து 11ஆல் வகுக்கிறது. கூறு ஒன்றிலிருந்து முழுமையை மதிப்பிடும்போது புள்ளியியலார் பின்பற்றும் முறை அது.

நான்காவதாக அறிய வேண்டிய கட்டளை 'குரூப்பை'. களத்து நெல்லை இனவாரியாகக் குவித்து, ஒவ்வொரு குவியலையும் தனித்தனியே அளந்து, அளவுகளை ஒரே கணக்கில் எழுதுவது போன்றது இது. நாள்வாரிப் பட்டியலை மாதவாரியாகக் குவித்துச் சராசரி காணும் வேலை இக்கட்டளையால் ஒரு வரியில் முடியும். கோல்டிங்காம் குழுவினர் பல நாள் செய்ததும் இதே வேலைதான்.

ஒட்டுறவு சொல்லும் விந்தை

ஐந்தாவது கட்டளை 'கார்'. இரண்டு நிரல்கள் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை இது ஒரே எண்ணால் கூறும். ஒட்டுறவு எண் என்பது அதன் பெயர். பிரான்சிஸ் கால்டன் 1888இல் இக்கருத்தை முன்வைத்தார். கார்ல் பியர்சன் 1896இல் அதன் கணிதத்தைச் செப்பனிட்டார். கோல்டிங்காமுக்கு இந்தக் கருவி கிடைக்கவில்லை, நமக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டும் பிசகாமல் சேர்ந்து ஏறினால் விடை 1. ஒன்று ஏற மற்றது இறங்கினால் –1. தொடர்பே இல்லையெனில் 0.

நம் பட்டியலில் வேகத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள ஒட்டுறவு 0.87. மிக நல்ல உறவு! வெப்பம் கூடினால் ஒலி விரைவாகச் செல்லும் என்று பாடத்தில் படித்ததோடு இது ஒத்துப்போகிறது. வேகத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் உள்ள ஒட்டுறவோ –0.91. இது அதைவிட நெருக்கமான உறவு. அப்படியானால் ஒலியின் வேகத்தை முதன்மையாக நிர்ணயிப்பது காற்றழுத்தம், வெப்பம் இரண்டாம் இடத்தில்தான் என்று முடிவு கட்டலாமா?

கட்டக் கூடாது. காரணத்தை இயற்பியல் சொல்கிறது. காற்றில் ஒலியின் வேகம், அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வரும் ஈவைப் பொறுத்தது என்று நியூட்டன் 1687இல் காட்டினார். ஆனால் அவர் கணக்கிட்ட வேகம் அளந்த வேகத்தைவிடக் குறைவாக இருந்தது. ஒலி அலையில் காற்று நெரிபடும்போது சூடேறுவதை அவர் கணக்கில் சேர்க்காததே காரணம் என்று கண்டு 1816இல் லாப்லாஸ் அதைத் திருத்தினார். ஆனால் இருவர் வாய்பாட்டிலும் ஒரு செய்தி பொது. வெப்பநிலை மாறாமல் அழுத்தம் மட்டும் இருமடங்கானால் அடர்த்தியும் இருமடங்காகும். ஈவு மாறாது. ஆகவே ஒலியின் வேகமும் மாறாது. அழுத்தத்துக்கு இதில் தனிப் பங்கு இல்லை.

பிறகு –0.91 எங்கிருந்து வந்தது? வெப்பநிலை நிரலையும் அழுத்த நிரலையும் ஒட்டுறவு காணச் செய்யுங்கள். விடை –0.90. சென்னையில் சித்திரை, வைகாசியில் வெயில் ஏறும்போது காற்றழுத்தம் இறங்குகிறது. மார்கழி, தையில் வெயில் தாழ்ந்து அழுத்தம் ஏறுகிறது. இரண்டையும் கயிற்றால் கட்டி இழுப்பது பருவம். அந்தக் கயிற்றின் மறுமுனையில் காற்றின் திசை, ஈரப்பதம் எல்லாமே கட்டப்பட்டிருக்கின்றன. பட்டியலில் பருவம் என்ற நிரல் இல்லை. இல்லாத நிரலைப் பாண்டாஸ் எப்படிப் பார்க்கும்?

கோல்டிங்காமும் இந்தச் சுழலில் ஓரளவு சிக்கினார். வெப்பம் ஒரு பாகை கூடினால் வேகம் 1.2 அடி கூடும் என்று அவர் மதிப்பிட்டார். இன்றைய கணக்கு சுமார் 1.1 அடி. வியக்கத்தக்க நெருக்கம்! ஆனால் பாரமானி பத்தில் ஓர் அங்குலம் மாறினால் 9.2 அடி மாற்றம் என்றும் அவர் எழுதினார். கொள்கையின்படி அது சுழியமாக இருக்க வேண்டும். பருவத்தின் வேலை அங்கே பாரமானியின் கணக்கில் பற்று வைக்கப்பட்டுவிட்டது.

மீதிக்கு யார் பொறுப்பு?

இன்னொரு புதிரும் உண்டு. நம் பட்டியலில் மாத வெப்பநிலை 78.84 பாகையிலிருந்து 88.11 பாகை வரை மாறுகிறது. இந்த மாற்றத்துக்கு ஒலியின் வேகம் 10 அடி அளவே மாற வேண்டும். பட்டியலில் அது 1099 முதல் 1164 வரை, 65 அடி மாறியிருக்கிறது. வெப்பநிலையோடு மட்டும் நேர்க்கோடு பொருத்தினால், பாகைக்கு 6.6 அடி என்று கணிப்பொறி சற்றும் தயங்காமல் சொல்லும். அது உண்மையைப்போல் ஆறு மடங்கு. ஈரப்பதத்தின் விளைவும் சில அடிகளுக்கு மேல் போகாது. அப்படியானால் மீதிக்கு யார் பொறுப்பு?

ஐயத்துக்குரிய முதல் ஆள் காற்று. ஓடும் ஆற்றில் படகு செல்வதுபோல, வீசும் காற்றில் ஒலி செல்கிறது. பின்காற்று அதைத் தள்ளும், எதிர்காற்று தடுக்கும். மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் திசைக்கொரு பெயர் வைத்த மொழி நம்முடையது. பாலவாக்கம் கடற்கரையில் கட்டுமரம் தள்ளியவர்களுக்கு, விடியலில் கரையிலிருந்து கடலுக்கும், பிற்பகலில் கடலிலிருந்து கரைக்கும் காற்று திரும்புவது கணக்குப் போடாமலே தெரியும். மென்காற்று வினாடிக்கு 10 அடி வரை வேறுபாடு தரும் என்றும், ஒலியின் திசையில் வீசுவதற்கும் எதிரே வீசுவதற்கும் இடையே 21¼ அடி வேறுபாடு உண்டு என்றும் கோல்டிங்காமே குறித்திருக்கிறார். வெப்பத்துக்கு 10, காற்றுக்கு 21 என்று கூட்டினாலும் 65இல் பாதிகூட ஆகவில்லை.

இரண்டாம் ஆள் அளப்பவரின் கையும் காதும். கோட்டை ஓசை வரும் 12 வினாடியில் அரை வினாடி பிசகினால் வேகம் சுமார் 46 அடி மாறிவிடும். மலை ஓசையின் 26 வினாடியில் அதே பிசகு 22 அடியைத்தான் மாற்றும். பல முறை அளந்து சராசரி கண்டால் முன்னும் பின்னுமான பிசகுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆனால் ஒருவர் எப்போதும் சற்று முந்தியோ பிந்தியோ குறிக்கும் பழக்கமுடையவர் என்றால், ஆயிரம் முறை அளந்தாலும் அது அழியாது. ஒரே விண்மீனை நோக்கும் இருவர் நேரத்தைச் சற்று வேறாகவே குறிப்பதை ஜெர்மானிய வானியலார் பெசல் ஆராய்ந்து எழுதியதும் இதே 1820களில்தான்.

இவ்விரண்டு ஆட்களில் யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? உண்டு. இங்கேதான் குரூப்பை கட்டளையின் உண்மையான பயன் தெரிகிறது. நாள்வாரிப் பதிவுகளை மாதத்தால் மட்டும் பிரிக்காமல் பீரங்கியாலும் பிரியுங்கள். ஆய்வுக்கூடத்துக்குத் தென்மேற்கே மலை, கிழக்கே கோட்டை. மாற்றத்துக்குக் காற்று காரணமாயின், தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மலை ஓசையின் வேகம் கூட வேண்டும், கோட்டை ஓசையின் வேகம் குறைய வேண்டும். இரண்டும் எதிரெதிராக நடக்கும். நேரம் குறித்தவரின் பழக்கம் காரணமாயின், இரண்டும் ஒரே பக்கமாகவே விலகும். ஆனால் கோட்டையின் விலகல் மலையின் விலகலைப்போல் இரு மடங்குக்கும் சற்று மேலாக இருக்கும். பிறகு காலைப் பதிவு, மாலைப் பதிவு என்றும் பிரிக்கலாம். கரைக்காற்றும் கடற்காற்றும் மாறி வீசுவதன் சுவடு அதில் தெரிய வேண்டும். கணிப்பொறிக்கு இது மூன்று வரி வேலை. எப்படிப் பிரிக்க வேண்டும் என்ற கேள்வியோ பாண்டாஸிலிருந்து வருவதில்லை. படகையும் ஆற்றையும் அறிந்தவரிடமிருந்துதான் வருகிறது.

காற்றின் தொல்லையைக் கணக்கில் சரி செய்வதைவிடச் சோதனையிலேயே நீக்குவது மேல். 1822இல் பாரிசு நகருக்கு அருகே அரகோ, கே-லுசாக், ஹம்போல்ட் முதலானோர் செய்தது அதுவே. 18 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் இரு இடங்களைத் தேர்ந்து, இரு முனைகளிலிருந்தும் பீரங்கி சுட்டு, இரு பக்கமும் நேரம் அளந்தார்கள். போகும்போது தள்ளும் காற்று, வரும்போது தடுக்கும். சராசரியில் காற்றின் பங்கு பெரும்பாலும் மறைந்துவிடும். சென்னையில் பீரங்கிகள் படையினருக்காகச் சுடப்பட்டவை. கோல்டிங்காமுக்குக் கிடைத்தது ஒருவழி ஓசை. கிடைத்ததை அவர் ஒழுங்காகக் குறித்து வைத்தார் என்பதால்தான் நாம் இன்று இத்தனை கேள்விகள் கேட்க முடிகிறது.

வெற்றுக் கட்டங்கள்

பாண்டாஸ் பயில்வோர் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ள வேண்டிய மற்றொன்று, வெற்றுக் கட்டம். எந்தப் பெரிய பதிவேட்டிலும் சில கட்டங்களில் எண் இராது. பாண்டாஸ் அதற்கு 'நான்' என்ற தனிக்குறி வைத்திருக்கிறது. எண் அல்லாதது என்பது பொருள். சராசரி காணும்போது அவற்றை ஓசைப்படாமல் ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் கூட்டி வகுக்கும். இது வசதிதான். ஆனால் ஓசைப்படாமல் என்பதைக் கவனியுங்கள்.

பீரங்கிச் சோதனை ஒன்றை நீங்களே செய்வதாக எண்ணிப் பாருங்கள். எதிர்காற்று பலமாக வீசும் நாளில் ஒலி அலைகள் மேல்நோக்கி வளைந்து, தரையில் இருப்பவர் காதுக்கு எட்டாமலே போகக்கூடும். அன்று பதிவேட்டில் கட்டம் வெறுமையாக நிற்கும். எதிர்காற்று நாட்கள் விடுபட்டுப் பின்காற்று நாட்கள் மட்டும் சராசரியில் சேர்ந்தால், ஒலி உண்மையைவிட விரைவாகத் தோன்றும். ஆகவே எத்தனை கட்டங்கள் வெறுமை என்று முதலில் எண்ணுங்கள். 'இஸ்னா' என்ற கட்டளை அவற்றைக் காட்டும். பிறகு அவை ஏன் வெறுமை என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கட்டளை கிடையாது.

இதெல்லாம் பழைய பீரங்கிக்கு மட்டும் உரிய எச்சரிக்கை என்று எண்ண வேண்டாம். மருத்துவமனைப் பதிவு, மழைமானி, தேர்வு மதிப்பெண், மின்கட்டணம் என எந்தப் பட்டியலை எடுத்தாலும் இதே நிலைதான். ஓர் ஊரில் ஒரு மருந்தும் நோய் குறைதலும் சேர்ந்து ஏறியிறங்கினால், இடையில் பருவம் நின்று கயிற்றை இழுக்கிறதா என்று பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது ஆபத்து. முன்பு ஒட்டுறவு எண் ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு பிற்பகல் ஆகும். அந்தப் பிற்பகல் முழுவதும் எண்களோடு பழகுவதால் ஐயங்கள் தாமாகவே எழும். இப்போது விடை ஒரு நொடியில் வந்துவிடுகிறது. மிச்சமான நேரத்தை ஐயப்படுவதற்குச் செலவிட வேண்டும்.

செய்து பாருங்கள். பன்னிரண்டு வரிசைகளைத் தட்டச்சு செய்ய அரை மணி போதும். 1134.3, 24.7, 0.87, –0.91 ஆகிய நான்கு எண்களும் உங்களுக்குக் கிடைத்தால் கருவி உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். அடுத்து, மாதங்களை வரிசையாக வைத்து வேகத்தை வரைபடமாக வரையுங்கள். வெப்பம் மே மாதத்தில் உச்சத்தைத் தொட, ஒலியின் வேகம் ஜூலையில்தான் உச்சத்தைத் தொடுவதைக் காண்பீர்கள். வெப்பம் ஒன்றே காரணமென்றால் இரண்டு உச்சமும் ஒரே மாதத்தில் வந்திருக்க வேண்டாமா? இந்தக் கேள்வியோடு தொடங்குங்கள்.